புல்லு செத்த மாதிரி நடிக்கும்: அப்பாருவும் 18 ஏக்கர் கொறங்காடும்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களையும், நடுவில் கேட்ட குக்கர் விசிலையும் மட்டும் எடுத்துவிட்டோம்.)

ரெண்டு மாசமா எபிசோடு வரலை, நிறைய பேர் மெசேஜ் பண்ணிக் கேட்டிருந்தீங்க. காரணம் இதுதான்: மார்கழியில் எங்க அப்பாரு இறந்துட்டார். 93 வயசு. ஆதார் கார்டுபடி பிறந்தநாள் ஜனவரி 1. அந்தத் தலைமுறையில் பாதிப் பேருக்கு அதே ஜனவரி 1 தான், கேக் வெட்டறதா இருந்தா ஊருக்கே ஒரே கேக் போதும்.

அப்பாருன்னா அப்பாவோட அப்பா. கொங்குப் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மாவோட அப்பா அப்புச்சி. அப்பத்தாவை ஆத்தான்னு கூப்பிடுவோம். சென்னையில் என் டீம்ல ஒருத்தன் "உங்க வீட்ல ரிலேஷன்ஷிப்புக்கே தனி டாக்குமெண்டேஷன் வேணும்டா"ன்னு சொல்வான். இந்த எபிசோடு முழுக்க இந்த வார்த்தைகள் வரும், அதனால முதல்லயே சொல்லிட்டேன்.

துக்கத்துக்கு வந்தவங்க எல்லாரும் ஒரே வசனத்தைச் சொன்னாங்க. "பழைய மனுசன். கடைசி வரைக்கும் மாறவே இல்லை." நானும் தலையாட்டிட்டு நின்னேன், துக்க வீட்ல யாரும் விவாதம் பண்ண மாட்டாங்க இல்லையா. ஆனா எனக்கு அது சரின்னு படவே இல்லை. எனக்குத் தெரிஞ்சு எங்க ஊர்ல அவர் அளவுக்கு மாறினவர் வேற யாரும் கிடையாது. அவர் மாத்தாத விஷயம் ஒண்ணே ஒண்ணு, அந்த 18 ஏக்கர் கொறங்காடு. அதை ஏன் மாத்தலை, இப்போ அது யார் கைக்குப் போகுதுங்கறதுதான் இன்னைக்குப் பேச்சு.

எங்க ஊர் காங்கயத்துக்குத் தெற்கே, தாராபுரம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கு. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழை பெய்தா பெரிய விஷயம். அதுலயும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்துட்டுப் போயிடும். சரளை மண். நெல்லு, கரும்புன்னு பாரதிராஜா படத்துல பார்க்கிற பச்சையெல்லாம் அங்கே கிடையாது. கம்பு, சோளம், கொள்ளு, அப்புறம் மாடு. அந்த மாட்டுக்காக எங்க ஆளுங்க உண்டாக்கி வெச்சதுதான் கொறங்காடு.

கொறங்காடுன்னா காடு இல்லை. தனியார் பட்டா நிலம், ஆனா உழாத நிலம். சுத்தி முள்கிளுவை வேலி. கிளுவைப் போத்தை மழைக்கு முன்னாடி வரிசையா நட்டா, சில வருஷத்துல ஆடு கூட நுழைய முடியாத சுவராயிடும். கம்பி வேலி மாதிரி துருப்பிடிக்காது, கல் தூணுக்குச் செலவு கிடையாது, நம்ம ஆயுசுக்கு மேலயும் நிக்கும். உள்ளே தரை முழுக்கக் கொழுக்கட்டைப் புல். நடுநடுவுல வெள்வேல மரம். கோடையில புல் காய்ஞ்சு போற நேரத்துல வெள்வேலங்காய் உதிரும், ஆடுங்க அதைப் பொறுக்கித் தின்னும். மரத்தடியில மாடு படுத்து அசை போடும். வேலி இருக்கிறதால கூடவே ஆள் நிக்க வேண்டியதில்லை. காலையில படலைத் திறந்து உள்ளே விட்டா, பொழுதோட ஓட்டிட்டு வந்தா போதும். ஒரே பெரிய காடா இல்லாம, நாலஞ்சு ஏக்கரா பிரிச்சு நடுவிலயும் வேலி போட்டிருப்பாங்க. ஒரு பக்கம் மேயறப்ப இன்னொரு பக்கம் புல் தழைக்கும்.

இதை நான் ஆபீஸ்ல விளக்கினப்ப ஒரு தம்பி கேட்டான், "அப்போ அந்த நிலத்துல நீங்க எதுவுமே பண்றதில்லையா?" ஆமாம். எதுவும் பண்ணாம இருக்கிறதுதான் அங்கே வேலை. பக்கத்து நிலமெல்லாம் ஏக்கர் லட்சக்கணக்குல போகும்போது எதுவும் பண்ணாம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு யோசிச்சுப் பாருங்க.

காங்கயம் மாட்டை 2017-க்கு அப்புறம் உங்க எல்லாருக்கும் தெரியும். டிஷர்ட்ல, கார் ஸ்டிக்கர்ல, வாட்ஸ்அப் டீபியில எல்லாம் வந்தாச்சு. ஸ்டிக்கர்ல வராத ஒரு விஷயம் சொல்றேன். கன்னு பிறக்கும்போது செவலையா, செங்கல் நிறத்துல இருக்கும். ஆறு மாசம் போல ஆனதும் நிறம் மாறி மயிலையாகும். காளைக்கு வயசாக ஆகத் திமிலும் கழுத்தும் கருக்கும். அதையே காயடிச்சு எருதாக்கினா அந்தக் கருப்பு மங்கிடும். சின்ன வயசுல எனக்கு இது மேஜிக் மாதிரி இருக்கும். "அப்பாரு, இது போன லீவுல பார்த்த கன்னு இல்லை, மாத்திட்டீங்க"ன்னு சண்டை போட்டிருக்கேன்.

அந்த மாடு பாலுக்காக வளர்த்த மாடு இல்லை. ஒரு நாளைக்கு ரெண்டு மூணு லிட்டர் கறந்தா அதிகம். அதுவும் கன்னை முட்ட விட்டாத்தான் சொரக்கும். அது வேலைக்கான மாடு. கொங்கு நாட்டுக் கிணறுகள் ஆழமானவை, அதுல இருந்து தண்ணி எடுக்கக் கவலை இறைப்பாங்க. ரெண்டு எருதைப் பூட்டி, சரிவான வாரியில கீழே இறக்கினா வடம் இழுத்து, கிணத்துக்குள்ள இருந்து பெரிய சால் மேலே வரும். சாலோட அடியில தோல்ல தைச்ச வால் மாதிரி ஒரு குழாய், அது வழியா வாய்க்கால்ல தண்ணி கொட்டும். அப்புறம் எருது அப்படியே பின்னாடி நடந்து மேலே ஏறணும். மறுபடி இறங்கணும். விடியறதுக்கு முன்னாடி ஆரம்பிச்சா வெயில் ஏறும் வரைக்கும் இதே வேலை. அப்பாரு பத்துப் பன்னிரண்டு வயசுல கவலை ஓட்ட ஆரம்பிச்சார். பள்ளிக்கூடம் அதோட முடிஞ்சது.

இங்கே ஒண்ணு நேரா சொல்லிடணும். "எங்க அப்பாரு மாடு வளர்த்தார்"னு நான் சொல்றது பாதி உண்மைதான். அந்தக் கவலையோட தோலைப் பதப்படுத்தித் தைச்சுக் கொடுத்தது, மாட்டை மேய்ச்சது, சாணி அள்ளினது, கன்னு ஈனும்போது ராத்திரி முழுக்க முழிச்சிருந்தது எல்லாம் எங்க தோட்டத்துல பரம்பரையா வேலை செஞ்ச மாதாரிக் குடும்பம். அவங்க அப்பாருவை "பண்ணாடி"ன்னு கூப்பிடுவாங்க. அவங்களுக்கு எங்க வீட்டு வாசல்படி வரைக்கும்தான். தனி டம்ளர் இருந்தது, நான் பார்த்திருக்கேன். அந்தக் குடும்பத்துல பெரியவர் ஒருத்தர், அப்பாருவை விடப் பத்து வயசு சின்னவர். எந்த மாட்டுக்கு எந்த நோய்க்கு என்ன மருந்துன்னு அப்பாருவை விட அவருக்குத்தான் நல்லாத் தெரியும். அவரோட பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனப்ப அப்பாரு கோபப்பட்டார். எனக்கு அந்தக் கோபம் நியாயமாப் படலை. இப்போ அந்தப் பையன் சொந்த வீடு கட்டிட்டார். மாட்டுப் பாரம்பரியம் பத்திப் பேசற மேடைகள்ல இந்தப் பகுதி எப்பவும் மியூட்ல இருக்கு. அதனால நம்ம எபிசோடுலயாவது சத்தமா இருக்கட்டும்.

சரி, மாற்றத்துக்கு வருவோம். பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓட ஆரம்பிச்சது. ஏறக்குறைய அதே நேரத்துலதான் அப்பாருவும் பிறந்தார். கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லும், பவுண்டரியும், பம்புசெட் கம்பெனியும் வந்ததுக்கு அந்தக் கரண்ட் ஒரு பெரிய காரணம். எங்க ஊருக்குக் கம்பம் நட்டு லைன் வந்தப்ப அப்பாருவுக்கு முப்பது வயசு நெருக்கம். ஊர்ல முதல்ல மோட்டார் வாங்கினவங்கள்ல அவர் ஒருத்தர். அதுவரைக்கும் கவலைக்குன்னே வெச்சிருந்த ரெண்டு ஜோடி எருதை அடுத்த சந்தையில ஓட்டிட்டுப் போய் வித்துட்டார். ஆத்தா அழுதாங்களாம். இவர் அழலை. "மோட்டாரு புண்ணாக்குத் திங்காது"ன்னு சொன்னாராம். இவரா மாறாத மனுஷன்?

அப்புறம் வந்தது கரண்ட் கட்டணப் பிரச்சினை. யூனிட்டுக்கு ஓரிரு பைசா ஏத்தினதுதான் ஆரம்பம். நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டாங்க. 1970-ல் பெருமாநல்லூர்ல துப்பாக்கிச் சூடு நடந்து விவசாயிகள் செத்தாங்க. திருப்பூர்ல இருக்கிறவங்க அந்த வழியா எத்தனையோ தடவை போயிருப்பீங்க. 1972-ல் போராட்டக்காரங்க ஒரு காரியம் பண்ணினாங்க. ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகளைக் கோயம்புத்தூருக்குள்ள ஓட்டிட்டுப் போய், நகரத்து ரோட்டையெல்லாம் வண்டியால அடைச்சாங்க. அந்த வண்டிகள்ல ஒண்ணு எங்க வண்டி. கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர், போக ரெண்டு ராத்திரி. அப்பாரு வாழ்நாள்ல அவர் முழுசா ரசிச்சுச் சொல்ற கதை அதுதான். "டவுன்காரன் பூராம் வேடிக்கை பார்த்தான் கண்ணு. ரோட்டுல சாணி போட்டுட்டே போனம்."

எனக்கு இந்தக் கதையில பிடிச்சது வேற ஒண்ணு. எருதுகளோட வேலையைப் பறிச்சது மோட்டார். அந்த மோட்டாருக்குக் கரண்ட் மலிவா வேணும்னு கேட்க, வண்டி இழுத்துட்டுப் போனது அதே எருதுகள். அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தா நடுவழியிலேயே உக்காந்திருக்கும்! இதை அப்பாருகிட்ட சொன்னேன். சிரிப்பார்னு நினைச்சேன். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அது அப்பவே தெரியும். அதுக்காவ கவலையே ஓட்டிட்டு இருக்க முடியுமா"ன்னார்.

1990-ல் விவசாயப் பம்புசெட்டுகளுக்கெல்லாம் கரண்ட் இலவசமாச்சு. அதுக்குள்ள நிலத்தடித் தண்ணி கீழே போயிருந்தது. கிணறு வத்தி, போர் போட்டு, 1000 அடி போனாலும் புகைதான் வந்தது. டிராக்டர் வந்தது, வண்டி போச்சு. வெண்மைப் புரட்சி வந்து, சொசைட்டியில பால் ஊத்தணும்னு ஜெர்சி கலப்பு மாடு வந்தது. அப்பாருவும் ரெண்டு வாங்கினார், ஒரு ஈத்துல லாபம் பார்த்தார், அடுத்த கோடையில ரெண்டும் மடி நோய்ல படுத்துச்சு, வித்துட்டார். தென்னை வெச்சார். முருங்கை வெச்சார். கொப்பரைக் களத்துல பங்கு போட்டு ஒருதடவை கையைச் சுட்டுக்கிட்டார். எதையும் முயற்சி பண்ணாம விட்டதில்லை. அந்த 18 ஏக்கரை மட்டும் தொடவே இல்லை. ஒரு தடவை அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து, அதுல பாதியை உழுது முருங்கை போடலாம்னு டிராக்டர் வரச் சொல்லிட்டாங்க. அப்பாரு படல்கிட்ட கட்டில் போட்டுப் படுத்துக்கிட்டார். டிராக்டர் திரும்பிப் போச்சு.

அவர் சாது இல்லைங்க. வீட்டுச் சாவிக் கொத்து கடைசி வரைக்கும் அவர் இடுப்புல. அப்பாவுக்கு 50 வயசான பிறகும் உரம் வாங்கக் காசு அவர்கிட்ட கேட்கணும். ஆத்தா 60 வருஷம் அந்த வீட்டுல விடியக்காலம் எழுந்து பால் கறந்தாங்க, ஆனா பால் காசு எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரியாது. அத்தை பத்தாவது நல்ல மார்க் வாங்கியும் மேல படிக்கலை, 1984-ல் கல்யாணம் பண்ணிக் கொடுத்துட்டார். அவர் முடிவு எடுத்தா முடிவுதான், அப்பீல் கிடையாது. பாசமா இருப்பார், பேரப் பிள்ளைகளை "சாமி"ன்னு கூப்பிடுவார், ஆனா ஜனநாயகம் வாசல்ல செருப்போட நிக்கணும்.

சந்தையில அவரைப் பார்த்தாத்தான் தெரியும் அவர் யாருன்னு. சித்திரையில கண்ணபுரம் மாரியம்மன் தேர்த் திருவிழா மாட்டுச் சந்தை, ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை, ரெண்டுக்கும் என்னைக் கூட்டிட்டுப் போயிருக்கார். மாட்டைப் பார்க்க மாட்டார், முதல்ல சுத்தி நடப்பார். கால் குளம்பு, வால், அப்புறம் சுழி. வாயைத் திறந்து பல்லு. ரெண்டு பல்லுன்னா ரெண்டு வயசைத் தாண்டினது, எட்டுப் பல்லும் சேர்ந்திருச்சுன்னா அஞ்சு வயசு ஆச்சு. மாட்டோட சர்வீஸ் ரெக்கார்டு வாயிலேயே இருக்கும். விலை பேசறது துண்டுக்குள்ள. ரெண்டு பேரும் கையைத் துண்டால மூடி, விரலைப் பிடிச்சுப் பிடிச்சுத் தொகை சொல்லுவாங்க. சுத்தி நூறு பேர் நிப்பாங்க, ஒருத்தருக்கும் என்ன விலைன்னு தெரியாது. உலகத்துலேயே முதல் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் அதுதான்னு நினைக்கிறேன்.

இப்போ 2017-க்கு வரேன். நான் அப்போ கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன். ஜல்லிக்கட்டுப் போராட்டம். மெரினா மாதிரியே கோயம்புத்தூர் வ.உ.சி. மைதானத்திலயும் கூட்டம். நானும் என் செட்டும் ராத்திரியெல்லாம் அங்கேயே இருந்தோம். மொபைல் டார்ச் அடிச்சோம், கோஷம் போட்டோம், யார் யாரோ பிரியாணி பொட்டலம் கொண்டுவந்து கொடுத்தாங்க. சட்டம் நிறைவேறினதும் பெரிய வெற்றியோட ஊருக்குப் போனேன்.

அதே மாசம் தமிழ்நாட்டுல என்ன நடந்துட்டிருந்தது தெரியுமா? 2016 வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைவு. ஜனவரி 10-ம் தேதி எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததா அரசு அறிவிச்சுது. ஒரு வாரம் கழிச்சு மெரினா. நாங்க காங்கயம் காளை படம் போட்ட பேனரைப் பிடிச்சிட்டு இருந்த அந்த வாரத்துல, காங்கயத்துல தீவனம் இல்லாம நிஜ மாடுகள் அடிமாட்டு லாரியில ஏறிட்டிருந்துச்சு. ரெண்டும் ஒரே நேரத்துல உண்மை. போராட்டம் தப்புன்னு நான் சொல்லலை, அதுல இருந்ததுக்கு இன்னைக்கும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அன்னைக்கு வீட்டுக்குப் போனப்ப நடந்த உரையாடல் மறக்காது.

"எத்தனை பேரு வந்திருந்தாங்க?"

"லட்சக்கணக்குல, அப்பாரு. தமிழ்நாடு முழுக்க."

"நெம்ப சந்தோசம். அதுல மாடு வாங்கற ஆளு எத்தனை பேரு?"

நான் பேசலை. அவரே தொடர்ந்தார். "குத்தம் சொல்லலை சாமி. மாடு நிக்கறதுக்கு ஒண்ணு வேலை இருக்கோணும், இல்லைன்னா மேயற காடு இருக்கோணும். வேலையை நாங்களே ஒழிச்சுப் போட்டம். காடாவது இருக்கட்டும்னுதான் பார்க்கறேன்."

அன்னைக்கு எங்ககிட்ட 9 மாடு. அதுல 5 மாட்டை அவர் அந்த மாசமே வித்தார். ஆமாம், வித்தார். வாங்கின வியாபாரி அதை எங்கே கொண்டுபோவான்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அஞ்சை வித்த காசுல நாலுக்கு வைக்கோல் லாரி வாங்கினார். உணர்ச்சிவசப்பட்டு ஒன்பதையும் வெச்சிருந்தா ஒன்பதும் எலும்பாயிருக்கும். அந்தக் கணக்கைப் போட்டப்ப அவர் முகத்துல ஒண்ணும் தெரியலை. ஆனா லாரி கிளம்பினதும் குளிச்சிட்டு வந்து, சாப்பிடாம படுத்துட்டார்.

கொறங்காடும் அந்த வருஷம் காப்பாத்தலை, அதையும் சொல்லணும். போய்ப் பார்த்தேன், வெறும் தரை, புல் இருந்த இடத்துல பழுப்பா குச்சி குச்சியா நின்னது. "எல்லாம் செத்துப் போச்சே அப்பாரு"ன்னேன். அவர் குனிஞ்சு ஒரு குத்தைக் காலால தட்டினார். "புல்லு செத்த மாதிரி நடிக்குங் கண்ணு. தென்னைதான் நெசமாவே சாவும்."

அப்படித்தான் ஆச்சு. கோயம்புத்தூர், திருப்பூர் மாவட்டங்கள்ல அந்த வறட்சியில தென்னந்தோப்புகள் மண்டை காய்ஞ்சு நின்னது நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். எங்க தென்னையும் போச்சு. புதுசா வெச்சு அது காய்க்க அஞ்சாறு வருஷம். ஆனா கொறங்காட்டுல முதல் நல்ல மழை பெய்து ஒரு வாரத்துல பச்சை தெரிஞ்சது. விதைக்கலை, உழலை, கடன் வாங்கலை. பழைய வேர்ல இருந்து தானா வந்தது. உழுதிருந்தா அந்த வேர் இருந்திருக்காது. ஒருதடவை கிழிச்சுட்டா திரும்ப அந்த மாதிரி புல் பிடிக்க வருஷக்கணக்காகும்.

அப்போதான் எனக்கு அவர் புரிஞ்சார். அவர் ஏன் அந்த 18 ஏக்கரைத் தொடலைன்னு கேட்டா எல்லாரும் "பாரம்பரியம், மண்வாசனை"ன்னு சொல்வாங்க. அவர் வாயில இருந்து ஒருநாளும் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. அவருக்கு அது பேக்கப் சர்வர். மத்த எல்லாத்துலயும் அவர் தைரியமா ரிஸ்க் எடுத்ததே, இது பின்னாடி இருக்குங்கற தைரியத்துலதான். மோட்டார், ஜெர்சி, கொப்பரைன்னு ஒவ்வொண்ணும் கவிழும்போது, நாலு மாடும் ஒரு காடும் மிச்சம் இருந்தது. சும்மா இருக்கிற நிலம்னு எல்லாரும் சொன்னது, 60 வருஷமா குடும்பத்தைத் தாங்கிட்டு இருந்தது.

அதுக்கப்புறம் நல்ல மழை வருஷங்களும் வந்தது. பழையகோட்டையில ஞாயித்துக்கிழமை காங்கயம் மாட்டுக்குன்னே கூடற சந்தையில ரெண்டு கிடாரி வாங்கினார். நகரத்துல இருந்து ஏ2 பால் கேட்டுக் காரில் ஆளுங்க வந்தாங்க. அந்தப் பால் பத்தி வாட்ஸ்அப்ல வர்ற அதிசயமெல்லாம் நான் நம்பறதில்லை, அப்பாருவும் நம்பலை. ஆனா அவங்க கொடுத்த விலையை மறுக்கவும் இல்லை. 90 வயசுல, கைத்தடியோட, காலையில படல் வரைக்கும் நடப்பார். கடைசி ஆறு மாசம் அதுவும் முடியலை. கட்டில்ல இருந்தே, எந்த மாடு எந்தப் பக்கம் மேயுதுன்னு கேட்பார். அப்பா ஏதாவது ஒரு பதில் சொல்வார். தப்பா சொன்னா கண்டுபிடிச்சிடுவார்.

இப்போ விஷயத்துக்கு வரேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாளே ஒரு சோலார் கம்பெனிக்காரங்க பேச வந்தாங்க. பேர் வேண்டாம். எங்க பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்துனால காத்தாலைங்க ஏற்கெனவே நிறைய, இப்போ சோலாரும். உழாத, மொத்தமா 18 ஏக்கர். அவங்களுக்கு லட்டு மாதிரி. வருஷக் குத்தகை, வங்கிக் கணக்குல காசு, ஒரு வேலையும் இல்லை. வெள்வேல மரத்தை வெட்டணும், தரையைச் சமப்படுத்தணும், அவ்வளவுதான். சித்தப்பா உடனே சரின்னுட்டார். அவரைத் தப்பு சொல்ல முடியாது. அவருக்கு ரெண்டு பிள்ளை காலேஜ்ல, பவர்லூம் கடன் இருக்கு. அப்பா ரெண்டுங்கெட்டானா இருந்தார். நான் சோலாருக்கு எதிரி இல்லை, நம்ம சர்வரெல்லாம் எதுல ஓடுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா கூரை இருக்கு, பாழாப் போன குவாரி இருக்கு.

கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சடங்கு பாக்கி. அத்தையைக் கூட்டிட்டுப் போய் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல விடுதலைப் பத்திரம் வாங்கறது. எங்க பக்கம் வழக்கம் இதுதான். பொண்ணுங்க பங்கு வேண்டாம்னு எழுதிக் கொடுப்பாங்க, அண்ணன் தம்பி சேலை, நகைன்னு சீர் செய்வாங்க, எல்லாரும் போட்டோ எடுத்துப்பாங்க. 1989-ல் தமிழ்நாடு அரசு பொண்ணுகளுக்கும் பூர்வீகச் சொத்துல பங்குன்னு சட்டம் கொண்டு வந்தப்ப, அந்த வருஷம் மார்ச் 25-க்கு முன்னாடி கல்யாணமானவங்களுக்கு அது கிடைக்கலை. அத்தை 1984. அதனால "உனக்குப் பங்கு இல்லை"ன்னே அவங்க வளர்ந்தாங்க. 2005-ல் மத்திய சட்டத் திருத்தம் வந்து, எப்போ கல்யாணமானாலும் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்குன்னு ஆச்சு. எங்க வீட்டுல யாரும் அதை அவங்ககிட்ட சொல்லலை. அவங்க மகள் சொல்லியிருக்கா, அவ வக்கீல்.

அத்தை வந்தாங்க. காபி குடிச்சாங்க. "கையெழுத்துப் போட மாட்டேன்"னாங்க. வீட்டுல அமைதி. சித்தப்பா, "காசுதானே அக்கா, உனக்கும் மூணுல ஒரு பங்கு குத்தகைப் பணம் வரும்"னார்.

"எனக்குக் காசு வேண்டாம்டா. மேக்கால இருக்கற ஆறு ஏக்கரு வேணும். வேலியோட. நாலு மாட்டையும் நான் ஓட்டிட்டுப் போறேன்."

அந்த மேக்காலப் பகுதி சின்ன வயசுல அவங்க மாடு மேய்ச்ச இடம். பத்தாவது முடிச்சு, கல்யாணம் வரைக்கும், ஒவ்வொரு நாளும். ஐயனுக்கு மாட்டுல இருந்த பாசத்தைப் பத்தி எல்லாரும் பேசறாங்களே, அந்தப் பாசத்துக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது யாருன்னு கேட்டாங்க. யாருக்கும் பதில் இல்லை.

ஆறு ஏக்கர் பிரிஞ்சிட்டா மிச்சம் 12. கம்பெனிக்கு அது கட்டுப்படியாகுமான்னு அவங்க யோசிக்கிறாங்க, பங்குனி முடியறதுக்குள்ள பதில் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க. சித்தப்பா அத்தைகிட்ட பேசறதில்லை. அப்பா என்கிட்ட கருத்துக் கேட்டார், எங்க வீட்டு வரலாறுல இதுவே ஒரு பெரிய மாற்றம். நம்ம பங்கை மட்டுமாவது கொடுக்க வேண்டாம்னு சொன்னேன். குத்தகைக் காசுல அப்பாவுக்கு வரக்கூடிய தொகையை மாசா மாசம் நான் அனுப்பறேன்னு ஒரு எக்செல் ஷீட் போட்டுக் காட்டினேன். "யோசிக்கலாம்"னார். எங்க அப்பா "யோசிக்கலாம்"னு சொன்னா அது எஸ்ஸா நோவான்னு 28 வருஷமா எனக்குத் தெரியலை.

மாடு நாலும் அத்தை வீட்டுக் கட்டுத்தரைக்குப் போயாச்சு. ஒண்ணு சினை. தோட்டத்துல வேலை செஞ்ச பெரியவர் சொன்னேனே, இப்போ அவருக்கு 80-க்கு மேல. அத்தை அவரைக் கூட்டிட்டு வந்து, திண்ணையில சேர் போட்டு உக்கார வெச்சு, மாட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னாங்களாம். நம்ம வீட்டு டம்ளர்லதான் காபி. அத்தை மகள் போட்டோ அனுப்பினா.

அடுத்த எபிசோடுக்கு அத்தையைக் கூப்பிட்டிருக்கேன். "மைக்குல பேசறதுக்கு என்ன இருக்கு? நடுவேலி போடோணும், மழைக்கு முன்னால கிளுவைப் போத்து வெட்டி நடோணும், ஆளு கிடைக்கறதில்லை. உன் பாட்காஸ்ட் கேக்கறவங்க நாலு பேரைக் கூட்டிட்டு வா, நட்டுட்டே பேசலாம்"னாங்க. வர்றவங்க கமெண்ட்ல சொல்லுங்க. முள்ளு குத்தும், முழுக்கைச் சட்டை போட்டுட்டு வாங்க.